செவ்வாய்க்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் ஒரே கணக்கு

காலை பத்து மணி, மாலை நாலு மணி. சதுரங்கப்பட்டினத்தில் இந்த இரண்டு நேரத்துக்கும் ஒரு விசேஷம் உண்டு. என்னவென்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள்! கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஷிஃப்ட் மாறும் நேரமா? இல்லை. மீன் ஏலம் முடியும் நேரமா? அதுவும் இல்லை.

ஊரின் தலைக்கு மேலே இருக்கும் மொத்தக் காற்றும் காலை பத்து மணிவாக்கில் கொஞ்சம் கூடுதலாக அழுத்துகிறது. மாலை நாலு மணிவாக்கில் கொஞ்சம் குறைவாக அழுத்துகிறது. இரவு பத்து மணிக்கு மறுபடி ஏற்றம், விடியற்காலை நாலு மணிக்கு மறுபடி இறக்கம். இது தினமும் நடக்கிறது. யாருடைய காதும் அடைப்பதில்லை, யாருக்கும் மூச்சு முட்டுவதில்லை. அதனால் யாருக்கும் தெரிவதில்லை.

டச்சுக் கோட்டைக்குப் பக்கத்துக் குப்பத்தில் இருக்கும் ஒரு மாணவனுக்கு மட்டும் தெரிந்துபோனது. அதுவும் தற்செயலாக. செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. 2022 நவம்பரில் அவன் ஒரு செகண்ட் ஹேண்ட் செல்போன் வாங்கினான். அதற்குள் ஒரு பாரோமீட்டர் இருந்தது. சில செல்போன்களில் உயரத்தைக் கணக்கிடுவதற்காக அப்படி ஒரு சிறு உணரியை வைத்திருப்பார்கள். ஓர் ஆப்பைப் போட்டுப் பார்த்தால் காற்றழுத்தம் மில்லிபாரில் வருகிறது. விளையாட்டாக நோட்டில் எழுத ஆரம்பித்தான். நாலு நாள் எழுதியதும் ஒரு ஒட்டகம் கிடைத்தது. கிராஃப் தாளில் கோடு போட்டால் ஒரு நாளைக்கு இரண்டு திமில்!

போன் ரிப்பேர் என்றுதான் முதலில் நினைத்தான்.

"இன்னாடா அது, மணிக்கொரு தபா போனப் பாத்துப் பாத்து நோட்ல எழுதினு கீற?" என்று தாத்தா கேட்டார்.

"காத்து எவ்ளோ அழுத்துதுன்னு பாக்கறேன் தாத்தா."

"காத்தப் பாக்கணும்னா வெளிய வந்து பாரு. போன்ல இன்னா கீது?"

தாத்தா கட்டுமரத்தில் போன தலைமுறை. அப்பா ஃபைபர் படகில் போகிறார். பேரன் பஸ்ஸில் காலேஜ் போகிறான்.

காற்றிலும் ஓர் ஓதம்

போன் ரிப்பேர் இல்லை என்பதைக் கல்லூரியில் பேராசிரியர் சொன்னார். அதற்கு வளிமண்டல ஓதம் என்று பெயர். கடல் ஏறி இறங்குவது பெரும்பாலும் நிலவின் இழுப்பால். காற்று ஏறி இறங்குவது சூரியனின் சூட்டால். உயரத்தில் இருக்கும் ஓசோன் சூரிய ஒளியை வாங்கிச் சூடாகிறது. கீழே நீராவியும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. தினமும் இப்படி ஒரு பக்கம் சூடேறி ஒரு பக்கம் ஆறுவதால் மொத்த வளிமண்டலமும் தூளி மாதிரி ஆடுகிறது. அந்த ஆட்டம் தரையில் நாளுக்கு இரண்டு ஏற்ற இறக்கமாகத் தெரிகிறது.

சென்னைப் பக்கத்தில் கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 1010 மில்லிபார். அதில் இந்த ஆட்டம் 3, 4 மில்லிபார்தான். ஐரோப்பாவில் மழையும் புயலும் அடிக்கடி வந்து அழுத்தத்தைக் கலைத்துப் போடுவதால் அங்கே இது கண்ணில் படாது. வெப்ப மண்டலத்தில் பளிச்சென்று தெரியும். 1800-ஐ ஒட்டிய வருடங்களில் தென் அமெரிக்காவில் சுற்றிய ஹம்போல்ட், பாரோமீட்டரைப் பார்த்தே மணி சொல்லிவிடலாம் என்று எழுதும் அளவுக்கு அது ஒழுங்காக இருந்தது. நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் கட்டிய மதராஸ் வானாய்வகம் 1796 முதலே வானிலையை எழுதி வைத்திருக்கிறது. நட்சத்திரம் பார்க்கக் கட்டிய இடத்திலேயே காற்றையும் அளந்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். வானத்தைப் பார்ப்பவனுக்கு நடுவில் இருக்கும் காற்றும் தெரிந்தாக வேண்டும்.

மாலுமிகளுக்கு இதில் ஒரு பழைய விதி உண்டு. அந்த நேரத்துக்கு இருக்க வேண்டிய அழுத்தத்தைவிட 3 மில்லிபார் குறைந்தால் சந்தேகப்படு. 5 மில்லிபார் குறைந்தால் புயல் பக்கத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள். 'அந்த நேரத்துக்கு இருக்க வேண்டிய' என்பதுதான் இதில் முக்கியம். மாலை நாலு மணிக்குத் தினமும் விழும் 3 மில்லிபாரைப் பார்த்துப் பயந்தால் ஒரு நாளும் கடலுக்குப் போக முடியாது. ஒட்டகத்தைத் தெரிந்தவனுக்குத்தான் புயல் தெரியும்.

மாண்டஸ் வந்த ராத்திரி

அடுத்த மாதமே அதற்குப் பரீட்சை வந்தது. மாண்டஸ் புயல். ஐக்கிய அரபு அமீரகம் வைத்த பெயர், புதையல் பெட்டி என்று பொருளாம். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று முன்கூட்டியே எச்சரிக்கை வந்துவிட்டது. குப்பத்தில் எல்லாப் படகையும் மேலே இழுத்துக் கட்டினார்கள்.

2022 டிசம்பர் 9. காலை பத்து மணிக்கு ஏற வேண்டிய எண் ஏற வேண்டிய அளவுக்கு ஏறவில்லை. மாலை நாலு மணிக்கு விழ வேண்டியதைவிட அதிகமாக விழுந்தது. இரவு பத்து மணிக்குத் திரும்ப ஏறவே இல்லை. ஒட்டகம் காணாமல் போய்விட்டது! அவன் போனை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கரண்ட் இல்லை.

தாத்தா கதவை ஒருக்களித்துத் திறந்து வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "வாடைல இருந்த காத்து கச்சானுக்குத் திரும்பிடுச்சு. நடு நமக்கு வடக்கால போவுது. படுங்க" என்றார்.

காலையில் செய்தி வந்தது. புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது, காற்றின் வேகம் மணிக்கு 65 முதல் 75 கி.மீ. மாமல்லபுரம் சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே இருக்கிறது!

தாத்தா சொன்னதற்குப் பாடப் புத்தகத்தில் ஒரு பெயர் இருப்பதைப் பிறகுதான் அவன் கண்டுபிடித்தான். பைஸ் பாலட் விதி. பூமியின் வடபாதியில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயலின் நடு இடது கைப் பக்கம் இருக்கும். கச்சான் மேற்கிலிருந்து அடிக்கிறது. அதற்கு முதுகைக் காட்டினால் முகம் கிழக்கே, இடது கை வடக்கே. சரியாக வருகிறது அல்லவா? பூமி சுழல்வதால் காற்று நேராகப் பள்ளத்துக்குள் விழ முடியாமல் சுற்றி வளைத்துப் போகிறது. அதனால் வரும் விதி இது. தாத்தாவுக்கு விதியின் பெயர் தெரியாது. கைக்குத் தெரிந்திருந்தது.

"அங்க யாருடா வலை போடறான்?"

அடுத்த செமஸ்டரில் ப்ராஜெக்ட் என்று வந்தபோது, மாண்டஸ் கிராஃபை எடுத்துக்கொண்டு அவன் பேராசிரியரிடம் போனான். அவர் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா ஒரே ஒரு போன், ஒரே ஒரு புயல். இத வெச்சு என்ன சொல்லுவ? செவ்வாய்ல பாரோமீட்டர் வெச்சிருக்காங்க, பத்து வருஷ டேட்டா இன்டர்நெட்ல சும்மா கிடக்குது. எடுத்துப் பாரேன்" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். 2012 ஆகஸ்ட் 6-இல் செவ்வாயின் கேல் பெரும்பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி வண்டியில் ஸ்பெயின் நாட்டார் செய்து கொடுத்த ஒரு வானிலை நிலையம் இருக்கிறது. அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம் எல்லாம் அளக்கும். இறங்கும்போதே காற்றளக்கும் கருவிகளில் ஒன்று பழுதாகிவிட்டது. ஆனால் பாரோமீட்டர் நன்றாக ஓடியது. நாசா அந்த எண்களை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. காசு கிடையாது. சதுரங்கப்பட்டினத்தில் நெட் ஒழுங்காகக் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்!

வீட்டில் சொன்னான். தாத்தா சிரித்தார். "செவ்வாய்ல காத்து எப்டின்னு பாக்கப் போறியா? அங்க யாருடா வலை போடறான்?"

பிறகு சிரிக்கவில்லை. "ஓகி வந்தப்போ நம்மாளுங்க எத்தினி பேரு போனாங்க? அவங்களுக்குச் சொல்ல ஆளில்ல. செவ்வாய்க்குச் சொல்றதுக்கு ஆளு கீது."

2017 நவம்பர் 30-இல் கன்னியாகுமரியை ஒட்டிப் போன ஓகி புயலைத்தான் அவர் சொல்கிறார். அது கரைக்கு மிக அருகே, மிகக் குறுகிய நேரத்தில் புயலாக வலுத்தது. ஆழ்கடலுக்குப் பல நாள் முன்பே போயிருந்தவர்களுக்கு செல்போன் எட்டாது. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள், காணாமல் போனார்கள். தாத்தா ஒரு காலத்தில் கன்னியாகுமரிப் பக்கம் இரண்டு வருஷம் தொழில் செய்தவர். போனவர்களின் குடும்பங்களில் சிலரை அவருக்குத் தெரியும்.

பேரனிடம் அப்போது பதில் இல்லை.

ஒரு நாளில் ஒரு ஒடிசா புயல்

செவ்வாயின் தரையில் காற்றழுத்தம் சராசரியாக 6 மில்லிபார். நமக்கு 1010, அங்கே 6! பூமியில் அந்த அழுத்தம் வேண்டுமென்றால் சுமார் 35 கி.மீ. உயரம் போக வேண்டும். அதிலும் 95 சதவீதம் கரியமில வாயு. ஆனால் நாள் 24 மணி 39 நிமிடம். அச்சு 25 டிகிரி சாய்ந்திருக்கிறது, நமக்கு 23.5. ஆக, காற்றுதான் வேறு. கடிகாரமும் பருவங்களும் ஏறக்குறைய நம்முடையவை.

கியூரியாசிட்டியின் ஒரு நாள் அழுத்தத்தைக் கோடு போட்டதும் அவன் திகைத்துப்போனான். அங்கேயும் ஓதம்! ஆனால் எவ்வளவு? ஒரே நாளில் பத்து சதவீதம் அளவுக்கு ஏறி இறங்குகிறது. சதுரங்கப்பட்டினத்தில் பத்து சதவீதம் என்றால் 100 மில்லிபார். 1999-இல் ஒடிசாவைச் சூறையாடிய பெரும்புயலின் நடுவில் அழுத்தம் 912 மில்லிபார் வரை விழுந்தது. அதாவது பத்து சதவீதம். பூமியில் எப்போதாவது ஒரு பேய்ப் புயலின் நடுவில் விழும் விகிதம், கேல் பெரும்பள்ளத்தில் சாதாரண நாளில் விழுந்து எழுகிறது. காற்று மெலிசாக இருப்பதால் சூடும் குளிரும் அதை அப்படிப் புரட்டிப் போடுகின்றன. போதாக்குறைக்குப் பள்ளத்தின் சரிவுகளில் பகலில் காற்று மேலே ஏறுகிறது, இரவில் கீழே இறங்குகிறது. நம் கடற்காற்றும் நிலக்காற்றும் மாதிரி. கடல் மட்டும் இல்லை!

வருடக் கணக்கு இன்னும் வேடிக்கை. செவ்வாயின் துருவத்தில் குளிர்காலம் வந்தால் கரியமில வாயுவே உறைந்து பனியாகிவிடுகிறது. அதாவது வளிமண்டலத்தின் ஒரு பகுதியே தரையில் விழுந்து கிடக்கிறது. கோடையில் மறுபடி ஆவியாகிறது. இதனால் மொத்தக் கிரகத்தின் அழுத்தமும் வருடத்தில் நாலில் ஒரு பங்கு அளவுக்கு மாறுகிறது. சதுரங்கப்பட்டினத்துக்கு அப்படி நடந்தால், கடற்கரை அங்கேயே இருக்கும், காற்று மட்டும் வருடத்தில் ஒரு தடவை ஊட்டி அளவுக்கு மெலிந்துவிட்டுத் திரும்பும்.

இது நடக்கும் என்று லெய்ட்டன், மர்ரே என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1966-இலேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். 1969-இல் லியோவி, மின்ட்ஸ் என்ற இருவர் பூமியின் வானிலைக்கு எழுதிய கம்ப்யூட்டர் மாதிரியை எடுத்து, எண்களை மட்டும் மாற்றிச் செவ்வாய்க்கு ஓட்டிப் பார்த்தார்கள். சமன்பாடுகள் அதே சமன்பாடுகள். பிறகு 1976-இல் வைக்கிங் 1, வைக்கிங் 2 என்று இரண்டு கலங்கள் அங்கே இறங்கின. அழுத்தம் கணக்குப்படியே இறங்கி ஏறியது! வைக்கிங் 1 அனுப்பிய முதல் வானிலை அறிக்கை நம்ம ஊர் ரேடியோ அறிக்கை போலவேதான் இருக்கும். காற்று லேசு, அழுத்தம் 7.7 மில்லிபார், பிற்பகலில் மைனஸ் 30 டிகிரி, விடியலில் மைனஸ் 86.

புழுதி எழுந்தால் இரண்டாம் திமில்

சரி, கேல் பெரும்பள்ளத்தின் கிராஃபில் ஒட்டகம் உண்டா? சாதாரண நாளில் பெரிதாக ஒரே ஒரு திமில்தான். ஆனால் 2018 ஜூன் மாதத்து எண்களைப் போட்டபோது அவன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். நாளுக்கு இரண்டு முறை வரும் ஆட்டம் பெரிதாகி இருந்தது. சதுரங்கப்பட்டினம் மாதிரி!

அந்த மாதம் செவ்வாயில் கிரகம் முழுவதையும் மூடிய புழுதிப் புயல். பூமியில் இரட்டை ஓதத்துக்குக் காரணம், உயரத்தில் ஓசோன் வெயிலை வாங்கிக்கொள்வது என்று பார்த்தோம். செவ்வாயில் அந்த வேலையைப் புழுதி செய்கிறது. புழுதி மேலே கிளம்பி வெயிலை வாங்கிக்கொண்டால், காற்று அதிக உயரத்துக்குச் சூடாகி நாளுக்கு இரண்டு தடவை ஆட ஆரம்பிக்கிறது. 1977 புழுதிப் புயல்களிலேயே வைக்கிங் கலங்கள் இதைப் பதிவு செய்துவிட்டன. வானத்தைப் பார்க்காமல் பாரோமீட்டரை மட்டும் பார்த்தே எங்கோ புழுதி கிளம்பிவிட்டது என்று சொல்லலாம்.

சினிமாவில் காட்டுவது போல அந்தப் புயல் ஆளைத் தூக்கி எறியாது. செவ்வாயின் காற்று நம் காற்றில் அறுபதில் ஒரு பங்கு அடர்த்தி. அங்கே மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அடித்தாலும் நமக்கு 13 கி.மீ. காற்று போலத்தான் இருக்கும். மாண்டஸ் வேகம் அங்கே அடித்தால் காய்ந்த துணிகூடக் கொடியை விட்டுப் போகாது! ஆபத்து வேகத்தில் இல்லை, இருட்டில். ஆப்பர்ச்சூனிட்டி என்ற வண்டி 90 நாளைக்கு என்று 2004-இல் இறங்கி 14 வருடம் உழைத்தது. சூரியத் தகட்டில் ஓடும் வண்டி. 2018 ஜூன் 10-இல் கடைசியாகப் பேசியது. பகலே இரவாகிவிட்டது. 2019 பிப்ரவரி 13-இல் நாசா அதற்கு விடை கொடுத்தது. கியூரியாசிட்டி புளூட்டோனியச் சூட்டில் ஓடுவதால் பிழைத்துக்கொண்டது.

இன்னொரு கலம், இன்சைட். 2018 நவம்பரில் இறங்கியது. அதன் சூரியத் தகட்டில் புழுதி படிந்து படிந்து, 2022 டிசம்பர் 15-இல் கடைசியாகப் பேசியது. மாண்டஸ் கரையைக் கடந்து ஆறாவது நாள். அந்த ஆறு நாளில் அவன் குப்பத்து ஜனங்களோடு சேர்ந்து மணலில் புதைந்த வலைகளை எடுத்துக்கொண்டிருந்தான்.

நம் கண்ணுக்குத் தெரிந்த செவ்வாய்

இதில் இந்தியாவின் பங்கு என்ன என்று கேட்பீர்கள். 2013 நவம்பர் 5-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய மங்கள்யான் 2014 செப்டம்பர் 24-இல் செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்தது. திட்ட இயக்குநர் சுப்பையா அருணன், ஒட்டுமொத்தப் பொறுப்பில் மயில்சாமி அண்ணாதுரை. இருவருமே தமிழ்நாட்டுக்காரர்கள். செலவு சுமார் 450 கோடி ரூபாய். அதன் பாதை மிக நீண்ட முட்டை வடிவம். ஒரு முனையில் செவ்வாய்க்குச் சில நூறு கி.மீ. பக்கத்தில், மறு முனையில் எழுபதாயிரம் கி.மீ.க்கு மேல். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் மொத்தக் கிரகமும் ஒரே படத்தில் அடங்கும். போய்ச் சேர்ந்த சில நாளிலேயே 74,500 கி.மீ. தூரத்திலிருந்து எடுத்த படத்தை இஸ்ரோ வெளியிட்டது. வடபாதியில் ஒரு புழுதிப் புயல்! வேலிஸ் மரினெரிஸ் என்ற 4,000 கி.மீ. நீளப் பள்ளத்தாக்கின் மேல் எவ்வளவு புழுதி மிதக்கிறது, உயரம் போகப்போக அது எப்படிக் குறைகிறது என்று அந்தக் கேமரா படங்களை வைத்தே அகமதாபாத் விஞ்ஞானிகள் கணக்கிட்டு 2016-இல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்துக்கு என்று அனுப்பியது ஏழரை வருடம் வேலை செய்தது. 2022 ஏப்ரலில் நீண்ட கிரகண நிழலுக்குப் பிறகு தொடர்பு அறுந்தது.

எல்லாம் சரி. தாத்தாவின் கேள்வி அப்படியே இருக்கிறதே?

இதனால் ஊருக்கு என்ன?

இதற்கு விஞ்ஞான சரித்திரத்தில் பதில்கள் உண்டு. 1971 நவம்பரில் மரைனர் 9 செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது கிரகம் முழுக்கப் புழுதி. அது பொறுமையாகச் சுற்றிக்கொண்டே காத்திருந்தது. அதே சமயம் போன சோவியத் கலங்களால் காத்திருக்க முடியவில்லை. செவ்வாயில் முதன்முதலாக மெதுவாக இறங்கிய மார்ஸ் 3 இரண்டு நிமிடத்துக்குள் ஊமையாகிவிட்டது. காத்திருந்த மரைனர் 9 பார்த்தது என்னவென்றால், புழுதி மேலே இருக்கும்போது மேல்காற்று சூடாகிறது, தரை குளிர்கிறது. அதை யோசித்த கார்ல் சேகன் முதலானவர்கள், அணுகுண்டுப் போர் வந்து ஊர்கள் எரிந்து புகை மேலே போனால் பூமிக்கும் அதுதானே நடக்கும் என்று கேட்டார்கள். 1983-இல் வந்த 'அணுக் குளிர்காலம்' ஆய்வுக்கு ஒரு வேர் அங்கே இருக்கிறது. வெள்ளிக் கிரகமும் இப்படித்தான். அதன் மேகங்களைப் படித்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் ஹான்சன், கரியமில வாயுவால் 460 டிகிரிக்கு மேல் கொதிக்கும் அந்தக் கிரகத்தை விட்டுப் பூமியின் பக்கம் திரும்பினார். 1988-இல் அமெரிக்க செனட்டில் புவி சூடாவதைப் பற்றிச் சாட்சி சொன்னவர் அவர்தான். அந்த வெள்ளிக்கும் ஒரு கலம் அனுப்ப 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 1,236 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது.

ஆனால் இவற்றைச் சொன்னால் தாத்தா ஒப்புக்கொள்வாரா? அவர் கேட்டது சேகனை அல்ல, ஓகியை.

ஓகிக்குப் பிறகு சில காரியங்கள் நடந்தன. செல்போன் எட்டாத ஆழ்கடலுக்கும் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை அனுப்பும் ஜெமினி என்ற கருவி 2019-இல் வந்தது. அது செவ்வாயால் வந்தது என்று சொன்னால் பொய். அவன் பொய் சொல்ல விரும்பவில்லை. ஓகியில் போனவர்களுக்குச் செவ்வாய் ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை. ப்ராஜெக்ட் முடிந்து பைண்டிங் செய்து கொண்டு வந்த அன்றைக்கு அவன் வேறொன்றைச் சொன்னான்.

வைக்கிங் 2 இறங்கியது செவ்வாயின் வடபாதியில், 48 டிகிரியில். இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் சில நாளைக்கு ஒன்று என்று அதன் பக்கமாகக் காற்றழுத்தத் தாழ்வுகள் கடந்து போயின. ஒவ்வொன்று கடக்கும்போதும் அழுத்தம் விழுந்தது, காற்றின் திசை திரும்பியது.

"மாண்டஸ் வந்த ராத்திரி நீ கதவத் தொறந்து, காத்து கச்சானுக்கு மாறிடுச்சு, நடு வடக்கால போவுதுன்னு சொன்னியே தாத்தா. செவ்வாய்லயும் அப்டித்தான். அதும் நம்மள மாதிரியே சுத்துது. அங்க வடபாதில காத்துக்கு முதுகு காட்டி நின்னா, நடு எடது கைப் பக்கம்தான். நீ அங்க நின்னா நீயும் சொல்லிருவ."

தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. தன் இடது கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"அங்க கடலே இல்லன்ற. மழை இல்லன்ற. அப்புறம் எப்டி?"

"அதான் தாத்தா. கடலயும் மழையயும் எடுத்துட்டாலும் அது நிக்குது. அப்போ அது கடலால வரல, சுத்தறதால வருதுன்னு தெரியுது. எது எதால வருதுன்னு பிரிச்சுப் பாக்க நமக்கு இன்னொரு ஊரு வேணும்ல?"

இதற்குத் தாத்தா சொன்னது ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் இல்லை. இருந்திருக்கலாம்.

"கன்னியாகுமரி பக்கம் போய்த் தொழில் பண்ணப்போதான் நம்ம ஊரு வாடை இன்னான்னே எனக்குப் புரிஞ்சுது. இங்கயே இருந்தப்போ எல்லாக் காத்தும் இப்டித்தான்னு நெனச்சினு இருந்தேன்."

பூமியின் வானிலையை முன்கூட்டிச் சொல்லும் கம்ப்யூட்டர் மாதிரிகள் பூமியில் பழகிப் பழகிச் சீர் செய்யப்பட்டவை. எங்கே இயற்பியல் சரியாக இருக்கிறது, எங்கே பழக்கத்தால் ஒப்பேற்றியிருக்கிறோம் என்பது இங்கேயே இருந்தால் தெரியாது. அதே சமன்பாடுகளைக் கடலில்லாத, மழையில்லாத, காற்று மெலிந்த இன்னொரு கிரகத்தில் ஓட்டிப் பார்க்கும்போது தெரியும். சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்திலேயே கல்பாக்கத்தில் கோபுரங்கள் வைத்துத் தரையை ஒட்டிய காற்றை அளக்கிறார்கள், அணு உலையிலிருந்து ஏதாவது கசிந்தால் கடற்காற்று அதை எங்கே கொண்டு போகும் என்று தெரிந்துவைக்க. ஓகி போல் ஒன்று மறுபடி வந்தால் எத்தனை மணி நேரம் முன்னால் தெரியும் என்பதும் இந்தச் சமன்பாடுகள் எவ்வளவு சரி என்பதைப் பொறுத்ததுதான். செவ்வாயில் யாரும் வலை போடுவதில்லை. இங்கே போடுகிறார்கள்.

அன்று ராத்திரி அப்பா கடலுக்குக் கிளம்பத் தயாரானபோது மணி நாலு. விடியற்காலை இறக்கம். அவன் போனைப் பார்த்தான். எண் எவ்வளவு இறங்க வேண்டுமோ அவ்வளவுதான் இறங்கியிருந்தது.

"இன்னா சொல்லுது?" என்றார் திண்ணையில் படுத்திருந்த தாத்தா.

"ஒட்டகம் கீது தாத்தா."

தாத்தா எழுந்து வாசலுக்குப் போய் ஒரு தடவை கையை நீட்டிப் பார்த்தார். பிறகுதான் மகனைப் பார்த்துத் தலையசைத்தார்.